சைக்கிள் கதை பாதியில் நின்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்கு முன்னோட்டமாக நீ எழுதிய ஆங்கில இரண்டாம் தாளை அம்மா போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நேற்று இரவு மூன்று முறை படித்தேன். கடைசிப் பக்கம் மனத்தை விட்டுப் போகவே இல்லை. தாத்தாவின் சைக்கிளைப் பற்றி அவ்வளவு அழகாக ஆரம்பித்திருக்கிறாய். ஆறாவது வரியில் சங்கிலி அறுகிறது, கதையும் அங்கேயே நின்றுவிட்டது. “என் கை மெதுவு, நேரம் பத்தவில்லை” என்று அம்மாவிடம் சொன்னாயாம். கையைக் குறை சொல்லாதே.

கணக்குப் போட்டுப் பார். முதல் பாகத்து மின்னஞ்சலுக்கு 80 சொல், இரண்டாம் பாகத்துக்கு 125 முதல் 150, மூன்றாவதுக்கு 200 முதல் 250. மொத்தம் மிஞ்சிப் போனால் 480. ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் 480 சொல் எண்ணிக் குறித்துக்கொண்டு, நானே பார்த்து எழுதினேன். 29 நிமிடம் ஆனது. தேர்வு நேரமோ 90 நிமிடம். மீதி ஒரு மணி நேரமும் யோசிப்பதற்குத்தான். அது எங்கே போனது என்று உன் தாளிலேயே தெரிகிறது: மின்னஞ்சலின் முதல் வரியை நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறாய், 80 சொல் கேட்ட இடத்தில் 161 இருக்கிறது. எவ்வளவு எழுதினாலும் அந்தப் பாகத்துக்கு 20 புள்ளிதான், தம்பி. மற்ற இரண்டுக்கும் அதே 20.

நானும் இப்படித் தவறியவள்தான். என் காலத்தில் ஒரு மணி முக்கால் நேரம், முதல் கட்டுரைக்கு 35 புள்ளி, அடுத்ததற்கு 50. முதல் கட்டுரையை விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். 50 புள்ளிக் கட்டுரைக்கு இருபது நிமிடம்தான் மிஞ்சியது. வெளியே வந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

உன் கையெழுத்தில் ஒரு வரிக்கு ஒன்பது சொல் விழுகிறது. அதனால் சொல்லை எண்ணாதே, வரியைப் பார்: ஒன்பது வரியில் மின்னஞ்சலை முடித்துவிடு. அதற்கு 15 நிமிடம் போதும், நீ பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி இக்கரைக்கு, பினாங்குத் தீவுக்கு, வந்து சேரும் நேரம். இரண்டாம் பாகத்தில் குறிப்புகளை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், ஒன்றையும் விடாமல் எழுதி 25 நிமிடத்தில் நகர்ந்துவிடு.

மூன்றாவதற்கு 40 நிமிடம் வை. அதில் முதல் 5 நிமிடம் பேனாவைத் தாளில் ஓட்டாதே. கதை எப்படி முடிகிறது என்பதை மட்டும் ஓரத்தில் ஒரு வரி குறித்துக்கொள். அறுந்த சங்கிலியைத் தாத்தா என்ன செய்தார் என்று உனக்கே தெரியாமல் ஆரம்பித்திருக்கிறாய், அதனால்தான் வரிக்கு வரி தயங்கியிருக்கிறாய். மூன்றும் முடிந்து மிஞ்சும் கடைசி 10 நிமிடம் வினைச்சொற்களை மட்டும் பார். நேற்று நடந்த கதை உன் கையில் பாதியிலேயே இன்றைக்கு வந்துவிடுகிறது.

சரி, சனிக்கிழமை காலை வா. முள் கடிகாரம் ஒன்று எடுத்துக்கொள், தேர்வு அறையில் போனைப் பார்க்க முடியாது. பசியாறிவிட்டு என் சாப்பாட்டு மேசையிலேயே 90 நிமிடம் உட்காரலாம். சைக்கிள் கதையின் முடிவை ஃபெர்ரியிலேயே யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா
ஜார்ஜ்டவுன், பினாங்கு