கூடுதல் ஷிப்டுக்குக் குழந்தையை யார் பார்ப்பது?

ஐயா,

ஆள் குறைந்தால் "இன்னொரு ஷிப்ட் பாருங்கள்" என்கிறது நிர்வாகம். கூடுதல் நேர ஊதியத்தைச் சொல்கிறார்களே தவிர, அந்நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு யார் கொடுப்பது என்று கேட்பதில்லை. அவசரத்துக்கு ஆள் தேடினால் கேட்ட தொகையைக் கொடுத்தாக வேண்டும். போக்குவரத்துச் செலவும் போனால் சிலருக்குக் கைநஷ்டம்தான். அதனால் சம்மதிக்கும் முன்பே கணக்கைக் காட்டிப் பேசுவதில் தவறே இல்லை. காப்பகச் செலவைத் தனியாகக் கேட்கலாம். மறுத்தால், போதிய முன்னறிவிப்போ ஷிப்டை மாற்றிக்கொள்ளும் வசதியோ கேட்கலாம். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குவது முக்கியம்.

குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 156-ஆவது உடன்படிக்கையை 1981-லேயே நிறைவேற்றிவிட்டது. தொழிற்சங்கங்கள் ஊதியப் பேச்சில் இந்தச் செலவையும் சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகி