செவலையின் சாப்பாட்டுக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தைப்பூசத்துக்கு நானும் அப்பாவும் பினாங்கு போகிறோம். சுங்கை சிப்புட் வீட்டில் நாலு பூனைக்கும் நீதான் பொறுப்பு. மற்ற மூன்றும் எப்படியும் சமாளித்துக்கொள்ளும். செவலைக்கு இனிப்புநீர், அவனுக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மங்கில் பிஸ்கட்டைக் கொட்டி நாள் முழுக்க வைக்கிற பழக்கம் இனி நம் வீட்டில் கிடையாது. மாவு சேராமல் பிஸ்கட் உருட்டவே முடியாது. அந்த மாவுதான் அவன் சர்க்கரையை ஏற்றுகிறது. அதைவிடத் தொல்லை, பொது மங்கில் யார் எவ்வளவு தின்றது என்று தெரியாது. அவன் சாப்பிட்டதைக் கண்ணால் பார்க்காமல் இன்சுலின் போடக் கூடாது.

காலை 7, மாலை 7. செவலையைக் குசினியில் விட்டுக் கதவைச் சாத்து. கருப்பி எங்கள் அறையில், குட்டிகள் இரண்டும் பின்னறையில். செவலைக்கு ஒரு வேளைக்கு 120 கிராம் டின் சாப்பாடு, சமையல் தராசில் நிறுத்துப் போடு. கெட்டியாக அரைத்த வகையாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். தீர்ந்துபோனால் கிரேவி வகையை வாங்கிவிடாதே, குழம்பு கெட்டிப்பட அதில் மாவு சேர்ப்பார்கள். 20 நிமிடம் கழித்து எல்லா மங்கையும் எடுத்துக் கழுவிய பிறகுதான் கதவுகளைத் திற. இந்தப் புழுக்கத்தில் மிச்சம் வைத்தால் எறும்புக்குத்தான் விருந்து.

கருப்பியின் சிறுநீரகக் கோளாறுக்கான பிஸ்கட்டில் கவனமாக இரு. புரதத்தைக் குறைத்த சாப்பாடு அது, அந்த இடத்தை மாவுச்சத்து பிடித்துக்கொள்கிறது. அலமாரி மேல் வைத்தால் போதும் என்று நினைக்காதே. சர்க்கரை அடங்கியதும் செவலையின் பின்னங்கால் தேறிவிட்டது, இப்போது ஒரே பாய்ச்சலில் ஏறுகிறான். மூடி இறுகிய டப்பாவில் போட்டு வை. பக்கத்து வீட்டு ஆயாவிடமும் சொல்லிவிடு, மீன் சோறு வேண்டாமென்று. பாசத்தில்தான் வைக்கிறார், ஆனால் சோறு சோறுதான்.

சாப்பிட்ட பிறகு ஊசி, 2 யூனிட். விலாப் பக்கத் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, இடம் மாற்றி மாற்றிப் போடு. அப்பா தன் இன்சுலினில் ஒரு குப்பியைக் கையோடு கொண்டுபோனாலும் இன்னொன்று ஐஸ்பெட்டியில் இருக்கும். அது 1 மில்லிக்கு 100 யூனிட், செவலையுடையது 40. ஊசிக்குழலும் வேறு, செவலையுடையதற்குச் சிவப்பு மூடி. அப்பாவின் குழலில் செவலையின் மருந்தை 2 கோடு வரை இழுத்தால் 0.8 யூனிட்தான் போகும். மாறி, அப்பாவின் மருந்தைச் செவலையின் குழலில் இழுத்தால் 5 யூனிட்!

பாதிதான் தின்றானா, 1 யூனிட் போடு. தொடவே இல்லையா, ஊசி வேண்டாம், உடனே கிளினிக்குக்குப் போன் செய். டாக்டர் அவனுக்கென்று சொன்ன கணக்கு இது. ரோமம் நனைந்து, மருந்து உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி குத்தாதே. ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஏறும், அடுத்த வேளையில் பார்த்துக்கொள்ளலாம். இரட்டிப்பாகிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஊசி போட்டு 4 மணி நேரம் வாக்கில் ஒருமுறை போய்ப் பார். தள்ளாடினாலோ, கூப்பிட்டும் மந்தமாகக் கிடந்தாலோ, உடம்பு வெட்டினாலோ சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு தேக்கரண்டி தேனை ஈறில் தடவு. வாயில் ஊற்றாதே, புரையேறும். எழுந்து நடந்தாலும் ஈப்போ கிளினிக்குக்குக் கொண்டுபோ. தேனின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும், இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். கூண்டைக் காரிலேயே வைத்திரு.

அம்மா