வெளிநாட்டு வங்கி மூடும்போது முதலில் உத்தரவாதத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டு வங்கி ஒன்று சிங்கப்பூரில் உள்ள கிளையை மூடப்போவதாகச் செய்தி வந்தாலே, “போட்ட பணத்துக்குக் காப்புறுதி உண்டுதானே?” என்று கேட்கிறார்கள். வைப்புத்தொகைக் காப்புறுதி, வங்கி நொடித்துப்போனால்தான் கைகொடுக்கும். 2024 ஏப்ரல் 1 முதல் அதன் வரம்பு ஒருவருக்கு, ஒரு வங்கியில் 100,000 வெள்ளி. அதுவும் சிங்கப்பூர் வெள்ளிக் கணக்குக்கு மட்டும். ரூபாயிலோ அமெரிக்க டாலரிலோ போட்டது சேராது. வங்கி தானாக வெளியேறினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டியது வங்கியேதான். கிளை தனி நிறுவனமன்று. அதன் கடன் தலைமையகத்தின் கடன்.

வெளியேறும் வங்கி தன் வர்த்தகத்தை மொத்தமாக வேறு வங்கிக்கு மாற்றலாம். வங்கிச் சட்டப்படி அதற்குச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இசைவும் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலும் தேவை. ஒப்புதல் கிடைத்தால் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் புதிதாகக் கையெழுத்திட வேண்டியதில்லை. கணக்குகளை ஒவ்வொன்றாக மூடும் வழிதான் இழுபறி. கூட்டுக் கணக்கில் ஒருவர் ஊரில் இருப்பார். இன்னொரு கணக்கில் உரியவர் காலமாகியிருப்பார். நீதிமன்ற ஆவணம் வரும்வரை பணம் நகராது.

எல்லாவற்றிலும் சிக்கலானது வங்கி உத்தரவாதம், அதாவது வாடிக்கையாளர் தன் பொறுப்பை நிறைவேற்றாவிட்டால் பணத்தை வங்கி கட்டும் என்ற உறுதிமொழி. மலேசியர் அல்லாத வேலை அனுமதி ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணை கொடுக்கவேண்டும். 20 பேரை வைத்திருக்கும் சிறு குத்தகையாளர் அதை வங்கி உத்தரவாதமாகக் கொடுத்திருந்தால் மொத்தம் 100,000 வெள்ளி. மனிதவள அமைச்சு விடுவிக்கும்வரை அந்தப் பொறுப்பு வங்கியின் ஏட்டிலேயே நிற்கும். ஈடாக முடக்கிய வைப்புத்தொகையும் வெளிவராது. அந்தப் பணம் வந்ததும் புதியதை எடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வேறு வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ மாற்று உத்தரவாதத்தை முதலில் எடுக்கவேண்டும்.

வருமான வரியை ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) தவணையாகக் கட்டுவோர் கணக்கு மூடும்முன் புதிய ஜைரோ நடப்புக்கு வந்துவிட்டதா என்று உறுதிசெய்யட்டும். பிடித்தம் தவறினால் தவணை ரத்தாகி, மீதியை மொத்தமாகக் கட்டச் சொல்லலாம்.

மூடல் அறிவிப்புக் கடிதங்களில் கடைசி நாள் மட்டும் பெரிதாக இருப்பது போதாது. உத்தரவாதம், ஜைரோ, முதிராத நிரந்தர வைப்புத்தொகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு வேண்டும். தமிழ் வாடிக்கையாளர்களை நம்பிக் கிளை நடத்திய வங்கிகள் அதைத் தமிழிலும் அனுப்பவேண்டும். ஆணையம் இதை வலியுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
ஈசூன்