பதினோராம் கட்டில்

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

முப்பது வயசுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறேன், உன் வார்டில் யாரிடமும் சொல்லாதே. நேற்று நீ போனில் அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் லண்டனுக்கு டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் கிழவியிடம், “உங்களுக்குச் சமய நம்பிக்கை ஏதாவது உண்டா?” என்று கேட்டாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் வந்து, “எங்க அம்மா சாகப்போறாங்கன்னு சொல்லாம சொல்றியா?” என்று கத்தினான். “ஃபாரத்துல இருக்கறதைத்தானேம்மா கேட்டேன்” என்றாய். கேள்வியில் தப்பில்லை. வந்த முதல் நாளே, கையில் பேனாவோடு, நின்றுகொண்டே கேட்டாயே, அதுதான். ஆனாலும் நான் செய்த தப்புக்கு முன்னால் உன்னுடையது ஒன்றுமே இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு ஒரு வருஷம் முந்தி, நான் கட்டணம் குறைந்த சி கிளாஸ் வார்டில் நர்ஸாக இருந்தேன். ஏர்கான் கிடையாது, தலைக்கு மேல் காற்றாடி. பதினோராம் கட்டிலில் ஒரு தமிழ்ப் பெரியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குடலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. எப்போது கேட்டாலும், “ஒண்ணுமில்ல மிஸ்ஸி.” நர்ஸை இங்கே அப்படித்தானே கூப்பிடுவார்கள். மார்ஃபின் வேண்டாம் என்பார். கூப்பிடு மணியை ஒரு நாளும் அடித்ததில்லை. சின்ன வயது சீன டாக்டர் என்னிடம், “நீங்க தமிழ்தானே, இவர் ஏன் இப்படி?” என்று கேட்டார். நானும் பெரிய ஞானி மாதிரி, “எங்க ஆம்பளைங்க அப்படித்தான் டாக்டர். வலியை வெளியே சொன்னா கௌரவக் குறைச்சல். எல்லாம் தலையெழுத்துன்னு பொறுத்துக்குவாங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து நைட் டியூட்டி. மூன்று மணி ரவுண்டில் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். பெரியவர் ‘குட் மார்னிங்’ என்று எழுதிய துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். சிவப்பு எழுத்து எச்சிலில் நனைந்து கிடந்தது. கால் விரல்கள் பத்தும் உள்ளே மடங்கியிருந்தன. வலிக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “என்னய்யா யோசனை, தூக்கம் வரலையா?” என்றேன். கொஞ்ச நேரம் காற்றாடியையே பார்த்தார். அப்புறம், “ஒரு ஊசிக்கு எவ்வளவும்மா வரும்?” என்றார்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நாள்காட்டித் தாள் வெளியே வந்தது. பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. ஒரு நாள் கட்டிலுக்கு ஒரு கோடு, எக்ஸ்ரேக்கு ஒன்று, ரத்தம் எடுத்ததற்கு ஒன்று. மகன் லாரி ஓட்டுகிறான், அவனுடைய மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்துதான் கட்டுகிறார்கள், அவனுக்கு மூன்று பிள்ளைகள். மணி அடித்து மிஸ்ஸியைக் கூப்பிட்டால் அதற்கும் காசு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்!

நான் பண்பாடு என்று விளக்கம் சொன்னது வெறும் கணக்கு, பாப்பா. சீனரோ மலாய்க்காரரோ அந்தக் கட்டிலில் இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். நம்மாள் என்பதால் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று ராத்திரி அவர் துண்டைக் கடித்ததற்கு நான்தான் காரணம்.

காலையில் மருத்துவச் சமூக ஊழியரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கட்ட முடியாதவர்களுக்கு உதவும் அரசாங்க நிதி, மெடிஃபண்ட், 1993-ல்தான் தொடங்கியிருந்தது, அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மகனையும் உட்கார வைத்துப் பேசினோம். மறுநாள் மத்தியானம் மார்ஃபின் எடுத்துக்கொண்டு தூங்கினார். துண்டு கட்டில் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.

நீ பஸ்ஸில் தாண்டிப் போகிறாயே, சிட்னம் பக்கம் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம், அதை 1967-ல் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரி சமூக ஊழியர், அதற்கப்புறம்தான் டாக்டருக்குப் படித்தவர். மூன்று வேலையும் பார்த்ததாலோ என்னவோ, உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா எல்லாம் ஒன்றில் ஒன்று பின்னிக் கிடப்பதை ‘முழு வலி’ என்றார். உனக்கு அது பரீட்சைக் கேள்வி. எனக்கு அந்த நாள்காட்டித் தாள்.

யார் யாருக்கு என்ன வழக்கம் என்று சொல்லும் கையேட்டைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொல்லாமல் பிளாஸ்டர் ஒட்டலாமா என்று கேட்கத் தெரிய வேண்டும். நோன்பு மாதத்தில் இன்சுலின் நேரத்தை டாக்டரோடு பேச வேண்டும். சாகும் தறுவாயில் ஒரு மாக்சிக், மலாய் அம்மா, தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டார். இங்கே மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. கட்டிலைத் திருப்பினால் ஆக்சிஜன் குழாய் எட்டவில்லை. அட்டெண்டன்ட் ஓடிப்போய் நீளக் குழாய் கொண்டுவந்தார், சக்கரப் பூட்டை விடுவித்து மெல்லத் திருப்பினோம். இன்னொரு முறை ஒரு பௌத்தக் குடும்பம், உயிர் போய் எட்டு மணி நேரம் உடம்பைத் தொடக்கூடாது என்றது. அவ்வளவு நேரம் எந்த வார்டு கொடுக்கும்? முடிந்தவரை திரையை இழுத்துவிட்டுக் காத்திருந்தோம். மந்திரம் ஓதும் சின்னப் பெட்டி தலைமாட்டில் பாடிக்கொண்டே இருந்தது.

ஆனால் எனக்கு அதிகம் உதவியது இங்கத்திய சீனக் கிழவிகள் பேசும் ஹொக்கியனில் ஒரே வாக்கியம்: “சியா பா புவே?” சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம்மாட்கள் வாசலில் கேட்பதுதானே! 1979-ல் மாண்டரின் பேசச் சொல்லி இயக்கம் தொடங்கியபின் வளர்ந்த சீனப் பிள்ளைகள் பலருக்கே அது வாயில் வராது. கறுப்பு மிஸ்ஸி கேட்டதும் ஆச்சிகள் சிரித்துவிடுவார்கள், அப்புறம் மகன் வராத கதை வரும், கடைசியில் அவர்கள் கும்பிடும் குவான் இம் சாமியும் வரும். ஃபாரத்தை நான் மேசைக்குப் போய்த்தான் எழுதுவேன்.

உன் கிழவி கம்பளி பின்னிக்கொண்டே இருப்பார் என்றாயே. யாருக்குப் பின்னுகிறார் என்று கேட்டாயா?

இன்னொன்று. ஒரு மாதமாகவே தூக்கமில்லை என்று நேற்றுத்தான் சொன்னாய். அதற்கு முந்தி எத்தனை தடவை கேட்டேன்? “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா.” பதினோராம் கட்டில் மாதிரியே பேசுகிறாய். யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும். 2003 சார்ஸ் தொற்றுச் சமயம் சீருடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார். இந்த ஊரில் 33 பேர் இறந்தார்கள், அதில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களும் உண்டு. நான் உன்னைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் புளோக்குக்குக் கீழே நின்று கை காட்டிவிட்டுப் போவேன். நீ ஆறாவது மாடிக் கம்பியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாய். அப்பா கேட்டால் நானும் ஒண்ணுமில்ல என்றுதான் சொன்னேன்.

புதன் நைட் டியூட்டி என்றாய். இப்போது அங்கே குளிர்காலம், உனக்கு மூன்று மணி என்றால் எனக்குக் காலை பதினொன்று. தேக்கா சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்து கோப்பி கலக்குகிற நேரம். பிரேக்கில் போன் அடி. காசு அதிகம் ஆகாது, கணக்குப் போடாதே.

அம்மா