புது டயரை முன்னுக்குப் போட்டுவிட்டு, பழியை என் மகள் மேல் போட்டது தொடர்பாக

உவர்மலை,
திருகோணமலை.
2025.01.20

பொது முகாமையாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா,

உங்கள் திருகோணமலைக் கிளையில் 2024.11.09 அன்று டயர் மாற்றியது, 2024.12.14 அன்று நடந்த விபத்து, 2025.01.06 திகதியிட்ட உங்கள் பதில்

உங்கள் பதில் கிடைத்தது. நான்கு வரி. அதில் மூன்றாவது வரி இது: “ஈரமான வீதியில் சாரதியின் அதிக வேகமும் அனுபவமின்மையுமே காரணம் எனக் கருதுகிறோம்.” காரை வந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. நான் அனுப்பிய படங்களில் மூன்று, டயரை மட்டும் கிட்டப் பிடித்து எடுத்தவை. அவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 27 வருடம் பஸ் ஓட்டியவன். பெரும்பாலும் திருகோணமலை – கொழும்பு இரவுச் சேவை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு முன் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். பழக்கதோஷத்தில் வேக மீட்டரில் ஒரு கண் வைத்தபடி வந்தவனும் நான். மீட்டரில் அப்போது 58. ஊர்மனைக்கு வெளியே காருக்கு உள்ள வரம்பு 70.

முதலில் டயர் கதை. கார் ஒரு வேகன் ஆர், டயர் அளவு 155/65 ஆர்14. நான்கும் தேய்ந்து வந்திருந்தன. மாரி தொடங்கிவிட்டது, நான்கையும் மாற்றக் காசு காணாது, இரண்டையாவது மாற்றுவோம் என்று வந்தேன். உங்கள் கிளையில் டயர் கழற்றும் தம்பி நல்ல சுறுசுறுப்பான பிள்ளை, அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புதியது இரண்டையும் அவன் முன்னுக்கு உருட்டிக்கொண்டு போனான். “ரெண்டும் முன்னுக்கா தம்பி?” என்று கேட்டேன். “எஞ்சின் முன்னுக்குத்தானே அங்கிள் இழுக்குது. புதுசு முன்னுக்கு இருந்தாத்தான் பிடிக்கும். பழசு பின்னுக்குச் சும்மா உருளும்தானே” என்றான். கிளை முகாமையாளர் பக்கத்து மேசையில் பில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் இது விழுந்தது. தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

நான் ஏன் ஆட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைத்தான் திருப்பிக் கேட்பீர்கள். எங்கள் டிப்போவில் ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த டயரை முன் சில்லுக்குப் போடவே விடமாட்டார்கள். பஸ்ஸின் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையைவிட்டுப் போய்விடும். பின்னால் சோடி சோடியாக நான்கு இருக்கின்றன, ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஆகவே நல்லது முன்னுக்கு, மட்டமானது பின்னுக்கு என்பது என் மண்டையில் 27 வருடமாக ஊறிய பாடம். தம்பி சொன்னது அதோடு ஒத்துப்போனது. ஆனால் எஞ்சின் முன்னால் இருக்கும் ஒரு சின்னக் காரின் பின்பக்கம், பஸ்ஸின் பின்பக்கம் இல்லை. அங்கே பாரமும் இல்லை, சோடி டயரும் இல்லை. பஸ் ஓட்டியவனுக்கு அது தெரியாமல் போகலாம். டயர் விற்கிற கம்பனிக்குத் தெரியாமல் போகலாமா?

இனி அந்த நாள். கந்தளாயில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், பின்னேரம் நாலரைக்குத் திரும்பினோம். மகள் ஓட்டினாள். மனைவி பின் சீட்டில், மடியில் தயிர்ச் சட்டி. மழை விட்டுவிட்டுப் பெய்தது. லொறி ஓடி ஓடிப் பதிந்த தடத்தில், தண்ணீர் இரண்டு கோடாக நின்றது. தம்பலகாமம் சந்திக்கு வருமுன், இரண்டு பக்கமும் வயல், இடப்பக்கமாக ஒரு வளைவு. எதிரே ஒரு சீமெந்து லொறி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு எங்களைக் கடந்தது. கண்ணாடி ஒரு கணம் வெள்ளையாகிப் போனது. நான் சொன்னேன்: “பிள்ளை, மெல்லப் போ.”

அவள் சொன்னபடி செய்தாள். அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அவ்வளவுதான்.

முதலில் தெரிந்தது சத்தம். பின் சில்லுக்குக் கீழே தண்ணீர் இரைந்த சத்தம் சட்டென்று நின்றது. அடுத்து, யாரோ காரின் பின்பக்கத்தைக் கையால் பிடித்து வலப்பக்கம் தள்ளியது போல இருந்தது. மகள் பிரேக்கை மிதித்தாள். பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று நடுங்கியது என்று பிறகு சொன்னாள். அது சில்லு பூட்டுப்படாமல் காக்கிற ஏபிஎஸ் வேலை செய்தது. ஆனால் சுழலத் தொடங்கிய காரை அதனால் நிறுத்த முடியாது. 58 இல் போகும் கார் ஒரு செக்கனுக்கு 16 மீட்டர் ஓடும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும், சொல்ல வாயையும் திறந்தேன். சொல் வருமுன் கார் எதிர்ப்பக்க வழியைக் குறுக்கே கடந்து, முகம் கந்தளாயைப் பார்க்க, வலப்பக்க வயலுக்குள் இறங்கி வரம்பில் சாய்ந்து நின்றது. அந்த லொறி போய் ஒரு நிமிடம்கூட இருக்காது.

உள்ளே பார்த்தால் எல்லாம் வெள்ளை. சீலிங், சீட், மனைவியின் தலைமயிர், எங்கும் தயிர். அதற்குள் சிவப்பும் கலந்திருந்தது. சட்டியின் உடைந்த ஓடு அவள் நெற்றியைக் கீறியிருந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சில் வந்த பிள்ளை தயிரைத் துடைத்துத் துடைத்துத்தான் காயம் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. வைத்தியசாலையில் படம் எடுத்துப் பார்த்ததில் காறையெலும்பில் வெடிப்பு. அவள் பின் சீட்டில் பெல்ட் போடவில்லை, அது எங்கள் பிழை. வயல்காரர் ஒரு சாண் வளர்ந்த பெரும்போகப் பயிரை நாங்கள் நசுக்கியதற்கு ஒரு சதமும் கேட்கவில்லை. கயிறும் உழவு மெசினும் கொண்டுவந்து இழுத்துவிட்டார். இந்த விசயத்தில் எங்களிடம் மனுசத்தன்மையோடு நடந்தவர்களில் அவர் முதல் ஆள்.

அடுத்த நாள் காரை வீட்டு முற்றத்தில் வைத்து, தச்சுவேலை செய்யும் மைத்துனரின் அளவுகோலால் டயரின் வெட்டுப் பள்ளங்களை அளந்தேன். முன்னால் இரண்டிலும் 7 மில்லிமீட்டர். பின்னால் இரண்டிலும் 2. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் அந்த மேடு டயரோடு சமமாகிவிடும், ‘இனி வீசு’ என்று அர்த்தம். என் பின் டயர் அதைத் தொட மயிரிழைதான் பாக்கி. படம் அனுப்பியிருந்தேன்.

அந்தப் பள்ளம் அழகுக்கு வெட்டியது இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு டயர் தாரோடு தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை அளவு. தண்ணீருக்குள் போகும்போது அந்த உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தண்ணீரைப் பள்ளம் வழியாக வெளியே தள்ளினால்தான் ரப்பர் தாரைப் பிடிக்கும். 7 மில்லி தள்ளுவதை 2 மில்லி தள்ளாது. தள்ளாத தண்ணீர் ஆப்பு மாதிரி டயருக்குக் கீழே நுழையும். முழுதாக மிதக்க வேண்டும் என்றுமில்லை, பிடி பாதியானாலே போதும். அன்று முன் சில்லு தண்ணீரை வெட்டிப் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் இழுத்தது. பின் சில்லு கூடவே வரவில்லை. மகள் காலை எடுத்ததும் காரின் பாரம் முன்னுக்குச் சரிந்தது, பின்பக்கம் இன்னும் இலேசானது. பிறகு சுழலாமல் என்ன செய்யும்?

இதையே மாற்றிப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பழையது முன்னுக்கு இருந்தால் முன்பக்கம்தான் வழுக்கும். ஸ்டியரிங் இலேசாகிப் போகும், கார் வளையாமல் நேரே போகப் பார்க்கும். அதுவும் ஆபத்துத்தான். ஆனால் எந்தச் சாரதியும் பயத்தில் செய்வது காலை எடுப்பது. எடுத்தால் பாரம் முன்னுக்கு வந்து முன் டயர் மறுபடி பிடிக்கும். பின்பக்கம் வழுக்கும்போது அதே காலை எடுத்தால் நிலைமை மோசமாகும். மிஷெலின் போன்ற டயர் தயாரிக்கும் கம்பனிகளே, இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னுக்குப் போடு, முன்பக்கம் இழுக்கும் காரானாலும் பின்பக்கம் தள்ளும் காரானாலும் அப்படித்தான் என்று சொல்லுகின்றன. ஓய்வுபெற்ற பஸ்காரன் நான் இதை விபத்துக்குப் பிறகு தேடிப் படித்தேன். உங்கள் தொழிலே இது.

வீதியில் கட்டுப்பாட்டை இழந்து வாகனம் கவிழ்வதை நான் பார்க்காதவன் இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் கண் அயர்ந்தவர்கள், யானையைக் கண்டு வெட்டித் திருப்பினவர்கள், இருட்டில் றோட்டில் படுத்திருக்கும் மாட்டைக் கடைசி நேரத்தில் கண்டவர்கள். அறுவடைக் காலத்தில் தாரில் காயப்போட்ட நெல்லில் ஏறி மோட்டார் சைக்கிள் வழுக்குவது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் தார் எண்ணெய்ச் சட்டி மாதிரி இருக்கும், அப்போது நல்ல டயரும் வழுக்கும். இவற்றில் ஏதாவது என்றால் நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

வேகம் பற்றிச் சொன்னீர்கள். வளைவில் காரை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 45 இல் வந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று நீங்கள் வாதாடலாம். சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். டயர் நான்கும் ஒரே மாதிரி இருந்திருந்தால் 58 இலும் அந்த வளைவு ஒரு வளைவாகவே இருந்திருக்காது என்பதை நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 9 ஆம் திகதிக்கு முன், நான்கும் தேய்ந்திருந்தபோது, இதே றோட்டில் இதே மகள் மழையில் ஓட்டியிருக்கிறாள். அப்போது முன்பக்கம் முதலில் வழுக்கப் பார்க்கும், அவள் தானாக வேகத்தைக் குறைப்பாள். புது டயர் வந்த பிறகு ஸ்டியரிங் உறுதியாக இருந்தது. “அப்பா, இப்ப நல்லாப் பிடிக்குது” என்றாள். பின்பக்கம் எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஸ்டியரிங் சொல்லாது.

அனுபவமின்மை என்பதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அனுமதிப்பத்திரம் எடுத்து மூன்று வருடம். நாளும் நிலாவெளிக்கு வேலைக்குப் போய் வந்தவள். இப்போது பஸ்ஸில் போகிறாள். சாவி தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே கிடக்கிறது. உங்கள் கடிதத்தை அவள்தான் முதலில் உடைத்து வாசித்தாள்.

என் பக்கப் பிழையையும் மறைக்கவில்லை. டயர் மாற்றிய பிறகு ஐந்து கிழமை காற்று பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு பார்த்தபோது பின் டயர் இரண்டிலும் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதைவிட 5 பிஎஸ்ஐ குறைவு. காற்றுக் குறைந்தால் தண்ணீரில் மிதப்பது இன்னும் சுலபம். அந்தப் பங்கு எனக்கு. நட்டஈட்டில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காரின் காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும் என்பதால் திருத்தச் செலவு முழுவதும் எங்கள் தலையில். கராஜ் கொடுத்த மதிப்பீடு 285,000 ரூபா, பிரதி இணைத்துள்ளேன். இதில் நியாயமான பங்கை நீங்கள் தர வேண்டும். ஆனால் அதற்கு முதல், என் மகளைப் பற்றி எழுதிய அந்த மூன்றாவது வரியை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். காசைப் பற்றிப் பேசி முடிக்கலாம், இதில் பேச்சுக்கு இடமில்லை. கூடவே, இரண்டு டயர் வாங்க வருகிறவர்களுக்குப் புதியதைப் பின்னுக்குப் போடும்படி உங்கள் எல்லாக் கிளைக்கும் அறிவுறுத்தல் அனுப்புங்கள். வாடிக்கையாளர் முன்னுக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஆபத்தைச் சொல்லிப் பில்லில் ஒரு வரி எழுதி ஒப்பம் வாங்குங்கள். மாரியில் எங்கள் பக்கம் டயர் மாற்ற வருகிறவர்களில் என்னைப் போல இரண்டுக்கு மட்டும் காசு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

பெப்ரவரி 10 ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் இதே ஆவணங்களோடு முறைப்பாடு செய்வேன். இந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வருகிறது. பில், டயர்ப் படங்கள், வைத்தியசாலை அட்டை, உங்கள் கடிதம் எல்லாவற்றினதும் பிரதிகள் உள்ளே இருக்கின்றன.

பின் டயர் இரண்டையும் கழற்றி, கழுவாமல், வயல் சேற்றோடு விறாந்தையில் வைத்திருக்கிறேன். பார்க்க ஆள் அனுப்புவதென்றால் எந்த நாளும் வரலாம். என் தொலைபேசி இலக்கம் உங்கள் பில்லிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உண்மையுள்ள வாடிக்கையாளர்
(ஓய்வுபெற்ற பஸ் சாரதி)