சோதனைத் தேதியைத் தள்ளிவைக்கும் பேனா யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுமின் நிலையங்களில் மின் உற்பத்தி ஏன் குறைகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோதனைகளுக்காக உலையை நிறுத்துவது வெறும் சடங்கு என்றும், தேதியைச் சில வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகிவிடாது என்றும் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். ஒரு வரிதான். அந்த வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் பணிக்காலம் முழுவதும் ஓர் அணுமின் நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் கழிந்தது. அவர் சடங்கு என்று சொல்வதைச் செய்த கைகளில் என் கைகளும் உண்டு.

சில வாரம் என்ன, சில நாளில் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையம் போதும். 2004 ஆகஸ்டு 9 அன்று அங்கே 3ஆம் உலையின் டர்பைன் கட்டடத்தில் சுடுநீர்க் குழாய் உடைந்தது. பாய்ந்து வந்த நீராவியில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். 1976இல் உலை ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தில் குழாயின் தடிமனை யாரும் அளக்கவே இல்லை. சோதனைப் பட்டியலில் அந்த இடம் விடுபட்டிருந்தது. 10 மி.மீ. இருந்த சுவர் ஒன்றரை மி.மீ.க்கும் கீழே தேய்ந்துபோயிருந்தது. விடுபட்ட விஷயம் முந்தைய ஆண்டே தெரிந்துவிட்டது. அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த நிறுத்தம் ஆகஸ்டு 14 அன்று தொடங்குவதாக இருந்தது. இறந்தவர்கள் அதற்கான முன்னேற்பாடுகளைச் செய்ய வந்தவர்கள். அங்கே கதிர்வீச்சு யாரையும் கொல்லவில்லை. அளக்காமல் விட்ட ஒரு குழாய் கொன்றது.

அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலைய விவகாரம் தங்களுக்குத் தெரியாததல்ல. உலையின் அழுத்தக்கலன் (எரிபொருளை உள்ளடக்கிய தடித்த எஃகுக் கலன்) மூடியில் விரிசல் இருக்கக்கூடும், 2001 டிசம்பர் 31க்குள் சோதியுங்கள் என்றது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். நிறுவனம் அவகாசம் கேட்டது. நிறுத்த உத்தரவை எழுதி வைத்திருந்த ஆணையமே பின்வாங்கி, 2002 பிப்ரவரி 16 வரை ஓட்ட ஒப்புக்கொண்டது. அதன் பிறகு திறந்து பார்த்தால், குளிர்விப்பு நீரோடு கசிந்த போரிக் அமிலம் மூடியின் எஃகை ஏறத்தாழ 15 செ.மீ. ஆழத்துக்குத் தின்றிருந்தது. அணு உலைக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்கி நின்றது ஒரு செ.மீ.க்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு. தள்ளிப்போட்ட அந்த ஆறேழு வாரமும் உலை ஓடி மின்சாரம் விற்றது. கட்டுரையாளரின் கணக்கில் அது லாபம்.

காத்திருப்புக் கருவி எதுவும் தான் கெட்டுப்போனதைத் தானாகச் சொல்லாது. ஓடும் பம்பு கெட்டால் உடனே அலாரம் அடிக்கும். ஆபத்துக் காலத்துக்கென்று நிற்கும் பம்பு கெட்டால் சோதனை நாளில்தான் தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கோடைக்காலத்தில் அப்படி ஒரு பம்பின் சோதனையைத் தள்ளிவைத்தார்கள். மின்தேவை உச்சத்தில் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று மேலிருந்து வாய்மொழியாகச் சொன்னார்கள். பதிவேட்டில் "திட்டமிடல் காரணங்களுக்காக" என்று எழுதினார்கள். பிறகு சோதித்தபோது பம்பு கிளம்பவில்லை. அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான பிரேக்கரில் கிரீஸ் உலர்ந்து இறுகிக் கிடந்தது. எப்போதிலிருந்து அப்படிக் கிடந்தது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. முந்தைய சோதனைக்கு மறுநாளே இறுகியிருக்கலாம். அத்தனை காலமும் கன்ட்ரோல் ரூம் பலகையில் அந்தப் பம்பு தயார் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. இதை விளக்கி நான் எழுதிய குறிப்பு கோப்பில் சேர்க்கப்படாமல் திரும்பி வந்தது. இன்றுவரை அது மனதில் ஆறவில்லை.

இது எங்கள் இடத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1983 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேலம் நிலையத்தில், உலையை நிறுத்த வேண்டிய பிரேக்கர்களே தானியங்கிக் கட்டளைக்குத் திறக்காமல், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்காமல் நின்றன. சில நாட்கள் இடைவெளியில் இருமுறை. சரியான பராமரிப்பு இல்லாததே முக்கியக் காரணம்.

அதற்காக, எதையும் எவ்வளவு அடிக்கடி சோதித்தாலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அவசர டீசல் ஜெனரேட்டரைக் குளிர்ந்த நிலையிலிருந்து சில விநாடிகளில் முழு வேகத்துக்குக் கொண்டுவரும் சோதனையை அளவுக்கு மீறிச் செய்தால் இயந்திரமே தேய்கிறது. இதை உணர்ந்து 1984இலேயே அமெரிக்க ஆணையம் அத்தகைய சோதனைகளைக் குறைக்கச் சொன்னது. அங்கே உலையைச் சுற்றி, கதிரியக்கம் வெளியே கசியாமல் தடுக்கும் கட்டடத்தின் முழுச் சோதனையும் பத்து ஆண்டுக்கு மூன்று முறை என்பதிலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரை தளர்ந்திருக்கிறது. பழைய முடிவுகளைக் கணக்கிட்டு, காரணத்தை எழுதி, ஆணையத்தின் முன் வைத்து இடைவெளியை மாற்றுவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இந்த வாரம் மின்சாரம் தேவை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளுவதைத்தான் எதிர்க்கிறேன். அமெரிக்க விதிகளில் சோதனை இடைவெளிக்கு மேல் 25 சதவீதம் சலுகை உண்டு. அதை வழக்கமான வசதியாக்கிக்கொள்ளக் கூடாது என்று அந்த விதியின் விளக்கமே சொல்கிறது. சலுகை நாட்களையும் சேர்த்தே அட்டவணை போடும் திட்டமிடல் அலுவலகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

உற்பத்திக்குப் பொறுப்பானவரே சோதனையைத் தள்ளிவைக்கும் கையெழுத்தையும் போடுவதுதான் கோளாறு. செர்னோபிலில் நடந்ததும் இதன் இன்னொரு வடிவம். 1983 டிசம்பரில் 4ஆம் உலை தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டிய டர்பைன் சோதனை அது. 1986 ஏப்ரல் 25 பிற்பகலில் நடக்க இருந்ததை, மின்சாரம் வேண்டும் என்று கீவ் மின்கட்டமைப்பு அதிகாரி நிறுத்திவைக்கச் சொன்னார். இரவு 11 மணிக்கு மேல் மீண்டும் ஆரம்பித்தார்கள். தயாராக இல்லாத இரவு ஷிப்ட்டின் தலையில் அது விழுந்தது. அந்தச் சோதனையின்போது உலை வெடித்ததற்கு அதன் வடிவமைப்புக் குறையும் விதிமீறல்களும் பெரிய காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சோதனை நேரத்தை யார் மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் முன்பும் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். தாங்கள் அதன் முதல் பத்தியை மட்டும் வெளியிட்டீர்கள். அதில் பாராட்டு மட்டுமே இருந்தது. அணுமின் நிலையம் பற்றி எது வந்தாலும் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து எழும் நீராவியைப் படமாகப் போட்டு வாசகரைப் பயமுறுத்துகிறீர்கள். அது வெறும் நீராவி. பயப்பட வேண்டியது படத்துக்கு வராத அந்தப் பதிவேட்டைப் பார்த்து. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை மதித்து வாங்கும் வாசகன் என்ற உரிமையில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. சோதனையைத் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்ற வரி தவறு என்று, கட்டுரை வந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த முறை அணுமின் நிலைய அதிகாரி யாரையாவது பேட்டி காணும்போது, கடந்த ஆண்டு எத்தனை சோதனைகள் குறித்த தேதியில் நடக்கவில்லை, ஒவ்வொன்றையும் தள்ளிவைக்கக் கையெழுத்திட்டவர் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்று தங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அணுமின் நிலையப் பராமரிப்புப் பொறியாளர்