ஒரு சாக்கு அகலம் போதும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். தலவாக்கலைப் பக்கம் விடியக்காலைக் குளிர் இன்னும் விடவில்லை. போன கிழமை நீ முட்டி வலிக்கிறது என்று சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. கராத்தே, யோகா இரண்டில் எதை விடலாம் என்று கேட்டாய். போனில் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. ஒன்றையும் விடாதே, மகள். வெவ்வேறு நாளில் செய்வதை ஒரே பயிற்சியாகச் சேர்த்துக்கொள்.

தாத்தா எனக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தது நம் லயத்து வீட்டின் சின்ன இஸ்தோப்புத் திண்ணையில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அரை மணி நேரம். நெற்றி உயரக் கம்பைச் சுழற்ற அங்கே இடமேது? ஒரு சாக்கை விரிப்பார். அதைவிட்டு வெளியே போகாமல் கால் சுவடு வைக்க வேண்டும். ஒரு மூலையில் முன்னங்கால், திரும்பி அடுத்த மூலை. கம்பு கையில் சும்மா இருக்கும். மூன்று மாதம் இதேதான், நான் அழுதிருக்கிறேன். ஆனால் கால் பழகியதும் கம்பு தானாகச் சுற்றியது. உன் போர்டிங் அறையிலும் ஒரு சாக்கு அகலம் இருக்கும்தானே?

யோகா நான் படித்தது நாற்பது வயசுக்கு மேல். கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்து சுமந்து கழுத்தும் இடுப்பும் பிடித்துப்போன காலம் அது. கோயில் மண்டபத்து வகுப்பில் வீரபத்ராசனம் காட்டிய அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா சாக்கின் மேல் நிற்கவைத்த நிலை அப்படியே! கராத்தேயில் முன்காலை மடக்கி நிற்கிறாயே, அதுவும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே குத்திவிட்டு உடனே நகர்ந்துவிடுகிறாய், முட்டி உள்பக்கம் சாய்வது தெரியாது. ஐந்து மூச்சு அசையாமல் நின்றால் தெரிந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று பார். கால்விரல் பார்க்கும் பக்கமே முட்டியும் பார்க்க வேண்டும். உன் வலி அங்கேதான் இருக்கிறது என்று என் மனசு சொல்கிறது. வீக்கம் இருந்தால் மட்டும் முதலில் டொக்டரிடம் காட்டு.

அப்புறம், எதை முதலில் செய்வது என்பது முக்கியம். ஒரு ஜனவரியில், பனியில் கொழுந்து கருகிக் கிடந்த நேரம், எழுந்த கையோடு கால் நீட்டி உட்கார்ந்து பச்சிமோத்தானாசனத்தில் குனிந்தேன். தொடையின் பின்பக்கம் சுரீரென்று பிடித்துக்கொண்டது. நாலு நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை, நாலு நாள் சம்பளப் பேரும் போனது. அதனால் முதலில் சுவடு, பிறகு சூரிய நமஸ்காரம். உடம்பு வேர்த்த பிறகு உன் கராத்தே அடிகள். குனிந்து நீட்டிப் பிடிப்பதெல்லாம் கடைசியில். அடிக்குமுன் தசையை நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் பலமும் வேகமும் குறையும். முடிவில் மல்லாந்து படுத்து ஓயும் சவாசனத்தை நேரமில்லை என்று விட்டுவிடாதே.

சூரிய நமஸ்காரத்தில் குனியும்போது மூச்சை விடுகிறாய், சரி. குத்தும்போதும் அப்படியே விடு. சின்ன வயசிலிருந்தே நீ உதட்டைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டுதான் குத்துவாய். உஸ்ஸென்று சத்தம் கேட்கட்டும்.

டிசம்பர் பௌர்ணமிப் போயாவோடு சிவனொளிபாத மலை யாத்திரை தொடங்கிவிடும். 2,243 மீற்றர் உயரம். இந்த முறை நல்லதண்ணிப் பக்கமாக நாம் இருவரும் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குப் பாடு. ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரத்தைத் தொடை தாங்கித் தாங்கி இறக்க வேண்டும். வலி அடங்கியதும், உயரம் குறைந்த ஒரு படியில் நின்று, நாலு எண்ணி, மெதுவாக ஒற்றைக் காலில் இறங்கிப் பழகு. வலித்தால் நிறுத்திவிடு.

லீவு கிடைத்ததும் எந்தக் கோச்சியில் வருகிறாய் என்று சொல்லு. தரையிலிருந்து உன் நெற்றி வரைக்கும் அளந்து அதையும் சொல்லு. கம்பு வெட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா